பெற்றோர் கடனும் உயிரின் சார்பும்

உயிர்கள் அநாதியே உள்ளன என்பதும், அவை ஒருவராற் படைக்கப்படுவன அல்ல என்பதும், முதல்வன் அவற்றின் மலப்பிணி நீங்குதற்பொருட்டு வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிக்கின்றான் என்பதும் சைவசித்தாந்த நூல்களின் துணிபாம். இத்துணிபை உடன்பட்ட ஒருவர் தம் மடியிற் கிடக்கும் மகவை நோக்கி ‘இஃது என் பிள்ளை’ என்று சொல்லுங்கால், ‘என்’ என்னும் அச்சொற்குப் பொருள் யாது? உடம்பு மாயையினின்றும் வந்தது. உயிரோ பெற்றாரினும் இளையதன்று, அவரோடொப்பத் தொன்மையது. இவ்விரண்டனையும் கூட்டினவன் இறைவன். ஆயின் பெற்றாருக்கு அம்மகவின்மாட்டு உரிமை என்னை? உரிமை இல்லையெனின் கடன் எவ்வாறு உண்டாயிற்று? ஏட்டைவிட்டுப் புறம்போகாத வினாப்போல இது தோன்றும். இக்காலத்திலோ இவ்வினா ஆலைவாயிலிலும் வாடகை வீட்டு அடுக்களையிலும் நின்று கேட்கப்படுகின்றது. அங்ஙனங் கேட்கப்படும் இடம் ஒன்றனை முன்வைத்து இதனை ஆராய்வாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்து வடக்குப்பட்டு என்றோர் ஊர் உளது. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்வூரில் அகழ்ந்தபோது மிகப் பழங்காலத்துக் கற்கருவிகளும், மட்கலவோடுகளும், பொன்னணிகளும் வெளிப்பட்டன. எழுத்துத் தோன்றாக் காலந்தொட்டே அந்நிலத்தில் மாந்தர் மகப்பெற்று வளர்த்து வந்தனர் என்பதற்கு அவை போதிய சான்றாம். அதன் வடபால் இராமாநுசர் தோன்றிய ஸ்ரீபெரும்புதூரும், வடகீழ்ப்பால் நம் சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரும், தென்பால் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடல்பெற்ற திருக்கச்சூரும் உள்ளன. இத்துணைப் பழம்பதிகள் சூழ்ந்த அந்நிலம் ஒரு தலைமுறைக்குள் வேறாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையினின்று 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசி செய்யத் தொடங்கி 2014இல் நின்றது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்பீல்டும் தம் ஆலைகளைத் தொடங்கின. ஏரிநீர் பாய்ந்த கழனிகள் பலவும் மதில்சூழ்ந்த தொழிற்பேட்டைகள் ஆயின. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய இடங்களினின்றும், ஒடிசா, பீகார், அசாம் முதலிய வெளிநாடுகள் போன்ற தொலைமாநிலங்களினின்றும் இளைஞரும் மகளிரும் வந்து வரிசை வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளிற் குடியிருக்கின்றனர். ஊர் எனவும் நகர் எனவும் சொல்லலாகாத ஒரு புதுநகர் அங்கே பரந்து கிடக்கின்றது.

அங்கே கணவனும் மனைவியும் ஒருங்கே ஆலைக்குச் செல்லுங் குடும்பங்கள் பல. ஆலைகள் இரவும் பகலும் ஓடுவன ஆதலின், வேலை முறைமாறி வரும். அதனை ‘ஷிப்டு’ என்ப. ஒருவாரம் விடியற்காலை, ஒருவாரம் பிற்பகல், ஒருவாரம் இரவு. கணவன் வரும்போது மனைவி கம்பெனிப் பேருந்தில் ஏறுவாள். இவ்விருவர்க்கும் இடையே கைமாற்றித் தரப்படும் பொருள்போலப் பிள்ளை வளர்கின்றது. கோடை விடுமுறை வந்ததும் பெரும்பாலோர் பிள்ளைகளைச் சொந்தவூரில் ஆயாவினிடத்துக் கொண்டுபோய் விடுகின்றனர். இலக்கண நூலார் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என வகுத்தனர். தொண்டை நாட்டு வெயிலோ வைகாசியில் அக்கினி நட்சத்திரம் கழியும்போதே தன் உச்சியைத் தொட்டு மீள்கின்றது. பள்ளிக்கூடமும் அதனோடு திறந்துவிடும். 2024இல் சூன் 10ஆம் நாளும் 2025இல் சூன் 2ஆம் நாளும் திறந்தன. ஆதலின் வேனில் முதிர்ந்தொழியும் அந்த நாட்களிற்றான் பிள்ளைகள் ஆயாவின் வீட்டினின்றும் அறைக்குத் திரும்புகின்றனர். வடமாநிலத்துப் பிள்ளைகளோ போவதுமில்லை, திரும்புவதுமில்லை. தகரக் கூரையின்கீழேயே வேனிலைக் கழிக்கின்றனர்.

அப்பகுதிக் கோயிலொன்றில் வைகாசித் திங்களிற் பெரியபுராணம் சொல்லச் சென்றிருந்தோம். சொற்பொழிவு முடிந்து திருநீறு வழங்குங்கால் ஆலையுடுப்புக் களையாத ஓர் இளம்பெண், பிள்ளையொன்றைக் கையிற் பிடித்தவண்ணம் நின்று, “ஐயா, பெற்றது நான், வளர்ப்பது ஆயா. நான் சம்பளம் கொடுக்கிறேன், அவ்வளவுதான். பள்ளி திறக்கிறதென்று கூட்டிவந்தேன். இரவெல்லாம் ஆயாவிடம் போகவேண்டும் என்று அழுகிறான். என்னைக் கண்டால் விருந்தாளியைக் கண்டதுபோல் ஒதுங்குகிறான். இந்தப் பாவம் என்னைத்தானே சேரும்?” என்றாள். “இல்லையம்மா” என்று உடனே சொல்லித் தேற்றியனுப்புதல் எளிது. பொய்யாகத் தேற்றுதலும் ஒரு பாவமே. ஆகலின் அவ்வினா ஆராய்ச்சிக்குரியதாயிற்று.

நம்மவருள் ஒருசாரார் இதற்கு விடை முன்னரே வைத்திருக்கின்றனர். மகளிர் இல்லிகந்து வேலைக்குச் சென்றமையே கேட்டிற்கு மூலம். அவர் இல்லிலிருப்பின் எல்லாஞ் செவ்வையாம் என்பர். அற்றன்று. நாற்றுநட்டவரும் களைபறித்தவரும் கதிரறுத்தவரும் யாவர்? தொண்டை நாட்டுக் கழனிகளில் மகளிர் உழையாத நாள் எந்நாள்? உழவர் குடியிலும் குயவர் குடியிலும் நெய்வார் குடியிலும் தாய்மார் என்றும் தொழில் செய்தேயிருந்தனர். வேறுபாடு தொழிலில் இல்லை, இடத்தில் உளது. கழனியில் உழைத்த தாய் வரப்பின்மேல் நின்ற வேம்பிலோ புங்கிலோ தூளி கட்டினாள். பிள்ளை அழுதால் சேற்றுக்காலோடு கரையேறிப் பாலூட்டி மீண்டாள். தொழிலும் பிள்ளையும் ஒரு பார்வைக்குள் இருந்தன. ஆலைக்கோ மதில் உண்டு; மதிலுக்கு வாயில் உண்டு; வாயிற்குக் காவலர் உண்டு. தூளிக்கு அங்கே மரமில்லை.

இக்குறையைச் சட்டஞ்செய்தோரும் அறியாதாரல்லர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதின்மருக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் ஆறாண்டிற்குட்பட்ட பிள்ளைகட்குக் காப்பகம் அமைத்தல்வேண்டும் என்று விதித்தது. 2017இல் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தியபோது, மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, ஐம்பதின்மருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களிற் காப்பகமும், தாய் நாளொன்றுக்கு நான்குமுறை சென்று பிள்ளையைக் காணும் உரிமையும் விதிக்கப்பட்டன. நான்குமுறை என்று எண்ணிட்டு எழுதினவர் யாவரோ அவர் தூளியின் இயல்பை அறிந்தவரே. எழுத்து நன்று. ஆயினும் நாட்டின் மனப்போக்கு எழுத்தோடு ஒத்துச் செல்கின்றதா? 2024 சூன் திங்களில், ஸ்ரீபெரும்புதூரையடுத்த பாக்ஸ்கான் ஆலையில் மணமான மகளிரை வேலைக்கெடுத்தல் தவிர்க்கப்படுகின்றது என்று ராய்ட்டர்ஸ் செய்திநிறுவனத்தார் வெளியிட்டனர்; மத்திய அரசினர் மாநில அரசினரிடம் அறிக்கை வேண்டினர்; நிறுவனத்தார் அக்குற்றச்சாட்டை மறுத்தனர். அவ்வழக்கின் முடிபு எதுவாயினும் ஆகுக. மனையறம் என்பது வேலைக்கு நேர்ந்த இடையூறு என்னும் எண்ணம் நாட்டிடை உலவுகின்றது என்பதில் எமக்கு ஐயமில்லை. 2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில், ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு இடந்தருந் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு மிக்கமையாற் கைவிடப்பட்டு, அச்செய்தி மே முதல் நாளில் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு மணியோடு போக்குவரவுப் பொழுதையுங் கூட்டிப் பார்மின்; தாய் புறப்படும்போதும் பிள்ளை துயிலும், திரும்பும்போதும் துயிலும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெருவிடுதி தொழிலாளர்க்காகத் திறக்கப்பட்டது. அது வேண்டுவதே. துயிலுதற்கு இடங்கண்டவர் தூளிக்கும் இடங்காண்டல் இயலாததன்று.

இனி, மற்றொரு சாரார் கூற்று இதனினும் நுண்ணியது. நம் நூலையே துணைக்கொண்டு எழுவது. பெறுவதும், இழப்பதும், இன்புறுவதும், நோயுறுவதும், மூப்பதும், இறப்பதும் ஆகிய ஆறும் ஒருவன் கருவிலிருக்கும்போதே அவனுக்கு அமைந்துவிட்டன எனச் சிவஞானசித்தியார் கூறுதலின், பிள்ளை தன் வினைக்கேற்பவே வளரும். தாய் அருகிருந்தாலென், அகன்றிருந்தாலென்? என்பர் அவர். இஃது அப்பெண்ணைத் தேற்றுதற்குப் பயன்படும் கூற்றே. ஆயினும் நூற்கருத்தை முழுதும் நோக்காத கூற்று. மேற்காட்டிய ஆறனையும் மீள எண்ணுக. அவை யாவும் நுகர்ச்சியின்பாற் பட்டன. அவ்வாறனுள் ஒழுக்கம் எண்ணப்பட்டதா? அன்பு எண்ணப்பட்டதா? மெய்சொல்லுதலும் பொய்சொல்லுதலும் எண்ணப்பட்டனவா? இல்லை. முன்னை வினைப்பயனாகிய பிராரத்தம் நுகர்ச்சியைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்நுகர்ச்சியிடத்து ஓர் உயிர் எவ்வாறு நின்றது என்பதன்றோ ஆகாமியமாய் மேலேறுகின்றது? வறுமை வினையால் வரும். வறுமையில் ஒருவன் களவினை நாடுவதும், செம்மையில் நிற்பதும் அவன் எவற்றோடு சார்ந்து வளர்ந்தான் என்பதைப் பெரிதும் பற்றி நிற்கும். பெற்றார் தொழிற்படும் இடம் இதுவே. பிள்ளைக்கு அமைந்த நுகர்ச்சியை அவர் அணுவளவும் மாற்றலாகாது. ஆனால் அந்நுகர்ச்சியை எதிர்கொள்ளும் நிலையை அவரே பழக்குகின்றனர். ஆதலின் ஊழைக் காட்டித் தாய் தந்தையர் விலகி நிற்றற்கு நூல் இடந்தரவில்லை.

முதலிற் கேட்ட உரிமையும் கடனும் பற்றிய வினாவிற்கும் இதனால் விடை பெறப்படும். குடத்திற்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்தகாரணம், திரிகை துணைக்காரணம் என்று நாம் பிள்ளைப்பருவத்திலேயே படித்தோம். பெற்றார் துணைக்காரணமாவர். குடம் திரிகைக்கு உரியதன்று; விலைகூறி விற்பதும் திரிகையன்று. ஆயினும் திரிகை கோணிச் சுழலின் குடத்திற் கோணல் தெரியும். உரிமை இன்றியே பொறுப்பு உளதாதல் இவ்வாறு.

சார்பு என்றோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது மெய்கண்ட சந்தானத்தார் அனைவர்க்கும் உடன்பாடு. பளிங்கு தன்னையடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல, உயிர் மலத்தைச் சார்ந்து மலமாயும் சிவத்தைச் சார்ந்து சிவமாயும் நிற்கும். இதனைப் பெத்தம் முத்தி என்னும் பேரிடங்களிலேயே வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். மூன்றாண்டுப் பிள்ளையினிடத்து வைத்துப் பார்ப்பது அரிதாயிற்று. எனினும் ஆசிரியர் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் எடுத்த உவமை பிள்ளை வளர்ப்பினின்றே எடுக்கப்பட்டது. அரசன் மகன் வேடரிடத்து வளர்ந்து தன்னை வேடனென்றே எண்ணினான். பின்னர் அரசன் வந்து நீ என் மகன் என்று அறிவுறுத்த அறிந்து உடன்சென்றான். அவ்வேடர் அவனை அடித்தனர் என்றோ, பட்டினியிட்டனர் என்றோ கதையில் இல்லை. அன்போடு ஊட்டியுமிருக்கலாம். கேடு யாதெனின், தான் யாவன் என்பதைச் சொல்லுவார் அங்கே ஒருவரும் இலர் என்பதே.

அறையில் தனித்துவிடப்பட்ட பிள்ளையின் கையில் இக்காலத்துச் செல்பேசி உளது. அதனைப் பழித்து நெடிது பேசுதல் எம் கருத்தன்று. பழித்தவர் பலரும் அப்பழிப்பை அதன்கண்ணேயே வெளியிடுகின்றனர். ஆயினும் ஒன்று சொல்லாமல் இருத்தற்கில்லை. பகலெல்லாம் தாய் ஆலையிலிருந்து செல்பேசியின் உறுப்புக்களைப் பொருத்துகின்றாள். அவள் அருகின்மையால் அவள் பிள்ளை செல்பேசியைச் சார்ந்து கிடக்கின்றது. அது கண்ணுக்கும் செவிக்கும் ஓயாமல் ஊட்டும். நீ யார் என்று மட்டும் அது சொல்லமாட்டாது. ஐம்புலன்களை வேடராக உருவகித்த ஆசிரியர் வாக்கிற்கு இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டை யாம் கண்டிலேம்.

அற்றேல், பெற்றவரே அருகிருந்து வளர்த்தல் இன்றியமையாதோ எனின், நம் ஆசாரியர் வரலாறுகள் வேறு கூறுகின்றன. திருநாவுக்கரசு சுவாமிகள் இளமையிற் புகழனாரையும் மாதினியாரையும் இழந்து தமக்கையார் திலகவதியாரால் வளர்க்கப்பட்டார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தெருவிற் சிறுதேர் உருட்டித் திரிந்தபோது நரசிங்கமுனையரையர் கண்டு, சடையனாரிடத்து வேண்டிப் பெற்றுத் தம் மகன்போல வளர்த்தார். மெய்கண்டதேவர் திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர்க்குப் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. திருச்சிராப்பள்ளியிலோ, காவிரி வெள்ளத்தால் தடைப்பட்டு மகளின் பேறுகாலத்திற்கு வரமாட்டாத தாயின் வடிவில் இறைவனே வந்து நின்று தாயுமானவன் என்னும் பெயர் கொண்டான். வரமாட்டாத அத்தாயை எவரும் பழித்திலர். தமக்கையும், மாமனும், அயலானாகிய அரசனும், இறைவனும் தாய்தந்தையர் கடனைத் தாங்கினர் எனின், கள்ளக்குறிச்சியில் வேம்பின் நிழலிலிருந்து பேரனுக்குச் சோறூட்டும் ஆயாவும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவளே. பிள்ளை ஆயாவினிடத்து அன்புகொண்டமை தாய்க்கு நேர்ந்த இழிவன்று. அவள் தேடிக்கொடுத்த நற்சார்பு பலித்தது என்றே கொள்ளல்வேண்டும்.

இங்கே நிறுத்திக்கொள்ளின் அது முகமன் ஆகும். இழப்பு இல்லை என்று யாம் கூறோம். பளிங்கு நிறமேற்றல் ஒரு கணத்தில் நிகழும். உயிர் ஒன்றன் வண்ணமாதல் நாட்பட்ட பழக்கத்தால் நிகழும். அரைநாழிகை கொஞ்சி ஆண்டு முழுதையும் ஈடுசெய்யலாம் என்று இக்காலத்துச் சிலர் கூறுவது எமக்கு உடன்பாடில்லை. தாயைச் சார்ந்திருக்கவேண்டிய பொழுதிற் பெரும்பகுதியை அப்பிள்ளை இழந்தது, அவளும் இழந்தாள். அவ்விழப்பு மெய். அதனை அவளொருத்தி தலையிலேயே பாவமெனச் சுமத்துவதுதான் பொய். வாடகையும் பள்ளிக்கட்டணமும் இருவர் சம்பளத்தையும் விழுங்குமாறு அமைந்த நகர் அவளால் அமைக்கப்பட்டதன்று. அவ்வினாவைக் கேட்க வந்தவளும் தாயே என்பதை நோக்குக. அவள் கணவனும் அதே ஆலைகளுள் ஒன்றிற்றான் வேலை செய்கின்றான். அவனும் பிள்ளையைக் கோடை முழுதும் காணவில்லை. ‘பாவம் என்னைச் சேருமா’ என்று கேட்க அவனுக்குத் தோன்றிற்றில்லை.

தந்தையைப் பற்றிய இவ்விடத்தில் சிவபாத இருதயரை நினைத்தல் தகும். சீகாழியில் மூன்றாமாண்டுப் பிள்ளையார் அழுது பின்தொடர, அவரை விலக்கிப் போகாது உடன்கொண்டு சென்று, குளக்கரையில் இருத்தித் தாம் நீருள் மூழ்கினார். அவர் மூழ்கியது தம் கடன்பொருட்டு. ஒருவாறு அதுவும் வேலைநேரமே. பிள்ளையார் தந்தையைக் காணாது அழுதார். அம்மையப்பர் எழுந்தருளி ஞானப்பால் அருளினர். கரையேறிய தந்தையார் வாயிற் பாலொழுகக் கண்டு, யார் தந்ததை உண்டாய் என்று சிறுகோல் கொண்டு வெருட்டினார். அதுவரை அவர் ‘என் பிள்ளை’ என்னும் நினைவினர். பிறர் தந்ததை என் பிள்ளை உண்டதே என்னும் வெகுளி அந்நினைவிற் பிறந்தது. பிள்ளையார் விண்ணை நோக்கிச் சுட்டிப் பாடிய பின்னர், இப்பிள்ளை தமக்கு மட்டும் உரியதன்று, அம்மையப்பருக்கு உரியது என்பது அவர்க்குப் புலனாயிற்று.

அறிந்தபின் அவர் செய்தது யாது? இறைவன் பிள்ளையை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று இல்லம் புக்கிருந்தாரா? அன்று. தோளின்மேல் எடுத்துவைத்துக்கொண்டு தலந்தோறும் நடந்தார். தமது என்று கருதியிருந்தபோது கரையில் இருத்திச் சென்றவர், தமதன்று என்று உணர்ந்தபின் தோளிற் சுமந்தார். உரிமைநினைவு நீங்கவே கடன் இலேசாயிற்றில்லை, எடை கூடிற்று. சேக்கிழார் பெருமான் இதனை ஒரு கோட்பாடாக எடுத்து விளக்கவில்லை. நடந்தவாறே சொல்லிச் செல்கின்றார். பின்னொருகால் திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில் பிள்ளையார் தந்தையார் தோளை விடுத்துத் தம் திருவடிகளாலேயே நடந்தருளினார். அடிகள் நொந்தமை கண்டு தந்தையார் உள்ளம் நொந்தது. இறைவன் முத்துச்சிவிகை அருளினான். தோளினின்றும் இறங்கும் நாள் பிள்ளைக்கு வரும். அந்நாளிற் சிவிகை வேறிடத்தினின்றும் வரும். அதுவரையில் தோள் வேண்டும். அத்தோள் தாயுடையதாகவே இருக்கவேண்டுமென்று எந்நூலும் விதித்திலது. ஒரகடத்து ஆலையில் இரவு வேலை முடித்துவந்த தந்தை, கண்ணெரியும் அந்தக் காலைப்பொழுதில், பிள்ளையைத் தோளிலிட்டுக்கொண்டு பள்ளிவாயில் வரை நடப்பானாயின், அதுவே சிவபாத இருதயர் சென்ற வழி.

தோள்கொடுப்பார் தாய் தந்தையரினும் வேறாயும் இருக்கலாம். திருக்கச்சூர் ஆலக்கோயிலில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வழிபட்டுப் புறம்போந்து பசியால் இளைத்திருந்தபோது, உணவு கொணரும் பரிசனம் வந்துசேரவில்லை. இறைவன் முதிய அந்தணராய்க் கையில் ஓடேந்தி, உச்சிவெயிலில் வீடுதோறும் சென்று இரந்து சோறு கொணர்ந்து அவர் பசி தீர்த்தான். வடக்குப்பட்டிலிருந்து அத்தலம் தொலைவன்று. ஒரு வீட்டில் முழுச்சோறும் பெறாமல் பல வீடுகளினும் சென்று இரந்தான் என்பது எண்ணற்பாலது. ஒரு பிள்ளையின் பசியில் அவ்வூரினர் பலர்க்கும் பங்கு கொடுத்தான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசினர் தொடக்கப்பள்ளிகள் அனைத்தினும் காலையுணவு வழங்கப்படுகின்றது. விடியுமுன் பேருந்தேறும் தாய்க்கு இஃது எத்துணை ஆறுதல் என்பதை அடுக்களை அறிந்தவரே அறிவர். தாய் சமைத்தூட்டுதல் கெட்டுவிட்டது என்று இதனை இகழ்ந்தார் சிலர். திருக்கச்சூர்ச் சோறு சுந்தரர்தம் தாயார் இசைஞானியார் சமைத்ததன்று.

இனி மடங்களின் பங்கு யாதென்பது பற்றிச் சில கூறி முடிப்பாம். மடத்தார் பிறர் பிள்ளைகளைத் தம்மிடத்து வைத்து வளர்க்கும் வழக்கத்தை நெடுங்காலமாக உடையவர்கள். தேவாரப் பாடசாலைகளில் சிறுவர் தாய்தந்தையரைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்கின்றனர். பிரிந்துவளர்தலைக் குற்றமென்று பேச நமக்கு வாயில்லை. பிரிந்த பிள்ளைக்கு நற்சார்பு தருதலில் நமக்குப் பழக்கமுண்டு. அப்பழக்கத்தை ஆலைநிலத்திற்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது.

காலமும் இதற்கு இயைந்திருக்கின்றது. சமயகுரவர் நால்வருடைய குருபூசைகளும் வேனிற்காலத்திலேயே வருகின்றன: சித்திரைச் சதயம் அப்பர், வைகாசி மூலம் சம்பந்தர், ஆனி மகம் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதி சுந்தரர். வைகாசிப் பூசம் சேக்கிழார் பெருமானுடையது, குன்றத்தூரிற் கொண்டாடப்படுவது. இவற்றுள் முதலாவது பிள்ளைகள் ஊர்க்குச் செல்லும் பருவம். இடையிலுள்ளவை அவர்கள் திரும்பும் பருவத்தை ஒட்டியவை. ஈற்றது பள்ளி நன்கு நடைபெறும் பருவம். இந்நாள்களில் நாம் மாகேசுர பூசையும் சொற்பொழிவும் குறைவற நடத்துகின்றோம். சொற்பொழிவோ எம்போன்ற முதியவர் முதியவர்க்குச் சொல்வதாகவே முடிகின்றது. ஆயாவின் வீட்டினின்றும் திரும்பி அறையில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு, அழுத பிள்ளையொன்றன் கதையைச் சொல்ல அவ்வாரத்தினும் ஏற்ற வாரம் ஏது? ஒடியாப் பிள்ளைக்கும் பீகார்ப் பிள்ளைக்கும் தமிழ் தெரியாதே எனின், அவர்களுட் பலர் அங்குள்ள பள்ளிகளிற் சேர்ந்து தமிழ் பேசுகின்றனர். கதையும் தாளமும் மொழியின் குறையை நிரப்பும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், சிங்கப்பெருமாள் கோயில் ஆகிய இடங்களை அடுத்த சிவாலயங்களில் ஓதுவார் ஒருவரும், பிள்ளைகளோடு அமர்ந்து பேசத்தெரிந்த அம்மையார் ஒருவரும் இருந்தாற் போதும். தனிக்கட்டடம் வேண்டுவதில்லை, கோயில் மண்டபங்கள் மாலையில் வெறுமையாகவே கிடக்கின்றன. பாடவரிசை தேவாரத்தோடு நில்லாது, பள்ளிப்பாடம் எழுதி முடிக்கவும் சிறிது பொழுது விடல்வேண்டும். இல்லையேல் பெற்றார் அனுப்பார், அனுப்பாமையும் நியாயமே. நாள் குறிப்பதில் மட்டும் ஒரு கருத்து வேண்டும். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை என்று குறித்துவிட்டால் பயனில்லை. முறைமாறும் ஆலைகளில் எல்லார்க்கும் ஞாயிறே ஓய்வுநாளாக வருதல் இல்லை. பிள்ளையை அழைத்துவரும் தாயோ தந்தையோ அன்று வேலையில் இருத்தல் கூடும். ஆகலின் ஒரே பாடத்தை வாரத்தில் இருநாள், ஒருநாட் காலையினும் பிறிதொருநாள் மாலையினுமாக இருமுறை நடத்துக. காலை வேலைக்குச் செல்வார் பிள்ளை மாலையில் வரும்; மாலை வேலைக்குச் செல்வார் பிள்ளை காலையில் வரும்; முறை மாறினால் பிள்ளையும் நாள் மாறி வந்து அமரும். ஓதுவார்க்கு இது சிறிது மிகைவேலையே. அதற்குரிய ஊதியத்தை மடங்கள் கொடுத்தல் வேண்டும்.